மூச்சளந்த தகரம்

யாழ்ப்பாணத்திலேயே என் கணவருக்குத்தான் நல்ல நெஞ்சு என்று ஒரு தகரத்தொட்டி தீர்ப்புச் சொன்ன நாளில் நாங்கள் வகையாக மாட்டிக்கொண்டோம். ஊரில் இதை இன்றும் பகிடியாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தத் தகரத்தை நினைத்தால் வயிறு பற்றி எரியும்.

அவர் பெயர் பஞ்சலிங்கம். அளவெட்டியில் நாதஸ்வரம் ஊதுகிற நாயனக்காரருக்குப் பஞ்சமில்லை, கல்லெறிந்தால் ஒருவர் தலையில் விழும். ஆனாலும் அவர்களுக்குள்ளே இவருக்கு ஒரு பேர் இருந்தது. ஒரு சுரத்தைப் பிடித்தால் விடமாட்டார். தெற்கு வீதியில் சாமி வரும்போது தொடங்கிய சுரம் மேற்கு வீதிக்குத் திரும்பின பிறகும் அறாமல் நிற்கும். கேட்கிறவர்கள்தான் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று திணறுவார்கள்.

முப்பத்தேழாம் ஆண்டு தைப்பொங்கலுக்குப் பிறகு அந்த மனிதருக்குக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ள முடியாமல் போனது. துலாக்கயிற்றைப் பிடித்தபடி பாதியில் நிற்பார். நெஞ்சு முன்னால் தள்ளி, தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும். கேட்டால் என் பெயரைக் கூப்பிட்டு ஒரே பதில்தான் சொல்வார்.

"காத்து உள்ளுக்கை போகுது, குணம். வெளியாலை வர வழி தெரியாமல் நிக்குது."

படுத்தால் இன்னும் மோசம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய விடிய இருப்பார். அந்தச் சின்ன வீட்டில் அவர் மூச்சு விடும் சத்தத்தைத் தவிர எனக்கு வேறொன்றும் கேட்காமல் போயிற்று. சமைக்கும்போதும் அதுதான், கூட்டும்போதும் அதுதான். சில நேரம் எரிச்சலில் காதைப் பொத்திக்கொள்வேன். பொத்தின உடனே நின்றுவிட்டதோ என்று பயந்து கையை எடுப்பேன்.

ஊதுவதை விட்டுவிடலாம்தானே என்று யாரும் கேட்கலாம். நாங்கள் இருந்த வீடு கோவில் காணியில் இருந்தது. கோவிலுக்கு ஊதுகிறவன் அதில் இருக்கலாம், ஊதாதவன் இருக்க முடியாது. அவருடைய அப்பாவும் அப்படித்தான் அதில் இருந்தார், ஊதிக்கொண்டே செத்தார். எங்களுக்கென்று வேறு ஒரு பிடி மண் எங்கும் கிடையாது. எங்கள் சாதிக்கு யாரும் விற்கவும் மாட்டார்கள்.

சித்திரையில் கொடியேற்றம். அதற்கு முன் நாங்கள் இருவரும் கோவில் மனேச்சர் அருளம்பலத்தாரின் வீட்டுக்குப் போய், முற்றத்தில் நின்றோம். இந்த ஒரு வருஷம் மட்டும் வேறு ஆளை வைத்துக்கொள்ளும்படி என் கணவர் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் மூன்று தரம் நின்று மூச்சு வாங்கினார்.

"உனக்கு என்ன குறை?" என்றார் மனேச்சர். "போன கிழமையும் சுன்னாகத்திலை கலியாணத்துக்கு ஊதினனியாம். சனம் சொல்லுது. கோயிலுக்கு ஊத மட்டும் மூச்சில்லையோ?"

"ஐயா, அண்டைக்கு ஊதிப்போட்டு வந்து நாலு நாள் எழும்பேல்லை."

அருளம்பலத்தார் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் தன்னை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்ற நினைப்பிலேயே வாழ்கிற மனிதர். தேங்காயைக்கூடக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார். இதற்கும் ஒரு குலுக்கல் கண்டுபிடித்தார். பட்டினத்துப் பக்கம் சீமைப் படிப்புப் படித்த எட்வேர்ட் டொக்டர் தனி ஆஸ்பத்திரி வைத்திருந்தார். மூச்சை அளக்கிற மிசின் ஒன்று அவரிடம் வந்திருக்கிறதாம்.

"அது மனிசரைப் போலை பொய் சொல்லாது. உனக்கு நெஞ்சு பழுது எண்டு அது சொல்லட்டும், இந்த வருஷம் வேறை ஆள் பிடிக்கிறன், நீ வீட்டிலை இரு. பழுதில்லை எண்டு சொன்னால் ஊது. ஊதமாட்டன் எண்டால் வீட்டை விடு."

நியாயமாகத்தான் பட்டது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும். இந்த மூச்சைக் கேட்ட எந்த மிசின்தான் இவருக்கு நோயில்லை என்று சொல்லும்?

மனேச்சரின் காரில் பின்னால் உட்கார்ந்து போனோம். எட்வேர்ட் டொக்டர் ஒல்லியான, நிதானமான மனிதர். எங்களை உள்ளே கூப்பிட்டு வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னதே எனக்குப் பெரிதாக இருந்தது. மிசினைப் பார்த்ததும் ஏமாந்துபோனேன். ஒரு தகரத்தொட்டியில் தண்ணீர். அதற்குள் இன்னொரு தகரம் கவிழ்த்து வைத்திருந்தது. மேலே ஒரு சில்லு, அதில் ஒரு நூல், நூலின் மறு தலைப்பில் எடைக்கட்டி. தொட்டியிலிருந்து வெளியே வந்த றப்பர் குழாயில் ஊதினால் காற்று தண்ணீருக்குள்ளால் போய் உள் தகரத்தைத் தூக்கும். எவ்வளவு தூக்குகிறது என்று பக்கத்தில் ஒரு முள் கோடுகளில் ஏறிக் காட்டும்.

"நெஞ்சு கொள்ளுற மட்டும் காத்தை இழும்," என்று டொக்டர் அவருக்கு விளங்கப்படுத்தினார். "பிறகு ஒரே மூச்சிலை எல்லாத்தையும் இதுக்கை ஊதும். சுகமான ஆள், உம்மடை உயரமெண்டால், முள்ளு இந்தக் கோட்டுக்கு வர வேணும். நெஞ்சிலை வருத்தமெண்டால் குறையும். சயரோகக்காரர் தேறுகினமோ எண்டு இதிலைதான் பாக்கிறன். வயித்தை வெட்ட முதல், ஆள் மயக்க மருந்தைத் தாங்குமோ எண்டும் பாக்கலாம்."

பொன்மலர் என்ற நேர்ஸ் குழாயை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணாடிக் குழல் வைத்த நுனியில் பிடித்தார். அந்த நொடியில் அவர் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். மனேச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறார், டொக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், வாசலில் நின்ற நோயாளிகளும் எட்டிப் பார்க்கிறார்கள். சபை கூடிவிட்டது. கன்னம் இரண்டும் உப்பின. ஊதினார்.

தகரம் எழும்பியது. சுகமான ஆளின் கோட்டைத் தொட்டது. தொட்டு நிற்காமல் அதற்கு மேலும் ஏறியது. டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். முள் கோடு முடிகிற இடத்துக்கே போய்விட்டது. தகரம் தொட்டிக்கு வெளியே எட்டி, தண்ணீர் குபுகுபுவென்று பொங்கித் தரையில் ஊற்றியது. நேர்ஸ் ஓடிப்போய்ச் சீலைத்துண்டு கொண்டுவந்தாள்.

"பந்தடிக்கிற பெடியங்களையும் நான் இதிலை ஊத விட்டிருக்கிறன்," என்றார் டொக்டர். "ஒருத்தனும் உமக்குக் கிட்ட வரமாட்டான்."

நெஞ்சைத் தட்டியும் குழாய் வைத்தும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, முள்ளை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் விட்டார். மனப்பயம், பால் குடியும், நித்திரை கொள்ளும் என்றார். மனேச்சர் சிரித்த சிரிப்பு அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. கார் வரைக்கும் நடந்து வந்த என் மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். முகம் நீலம் பாரித்திருந்தது. ஆனால் உதட்டில் ஒரு சிரிப்பு. நான் அவரைக் கட்டின காலம் தொடங்கி இப்படி ஒரு பாராட்டு அவருக்குக் கிடைத்ததில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு மூச்சு இளைக்கவும் உரிமையில்லாமல் போயிற்று. ஒழுங்கையில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றால், போகிறவன் வருகிறவன் எல்லாம், "என்ன பஞ்சலிங்கம், மிசினை உடைச்ச ஆள் நடிக்கிறீர்" என்று கேட்டான். கொடி ஏறியது. காலையும் மாலையும் ஊதினார். ஊதிவிட்டு வந்து சுவரோடு உட்கார்வார். நான் முதுகைத் தடவினால் கையைத் தட்டிவிடுவார்.

"எனக்கொண்டுமில்லை. டொக்டரே சொல்லிப்போட்டார்."

அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. ஊர் நம்பினால் நம்பட்டும். இந்த மனிதர் தன் சொந்த நெஞ்சை விட்டுவிட்டு அந்தத் தகரத்தை நம்பினார்.

மூன்றாம் நாள் திருவிழா முடிந்த காலை, எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தது. ஈர விறகு. ஊதுகுழலால் அடுப்பை ஊதினேன். ஒரு ஊதல் ஊதுவதற்குள் மூச்சு முட்டியது. எனக்கு அப்படி முட்டுவதில்லை. இடையில் நிறுத்தாமல் நெருப்புப் பிடிக்கும் வரை ஊதுவேன், எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். என்ன இது என்று குழலைக் கீழே வைத்தேன். அடைத்திருந்த மூக்கைத் தொட்டுப் பார்த்தேன்.

எங்கள் வீடுகளில் நாயனம் பழக்க முதல் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, பப்பாசி இலைத் தண்டைக் கையில் கொடுப்பார்கள். தண்டால் ஊதித் தண்ணீரில் குமிழி விட வேண்டும். குமிழி அறக் கூடாது. கன்னத்தில் இருக்கிற காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் புதுக் காற்றை இழுக்க வேண்டும். குமிழி அறுந்தால் என் அப்பா தொடையில் கிள்ளுவார். அண்ணைமார் பழகும்போது நானும் கிணற்றடியில் ஒளித்திருந்து பழகினேன். பழகின பிறகு அது மறக்காது. நடக்கிறதைப் போல, செய்கிறோம் என்றே தெரியாமல் செய்வோம்.

ஒரு தொட்டியில் தண்ணீர். ஒரு குழாய். அதைக் கண்டதும் அவருடைய உடம்புக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? டொக்டர் ஒரே மூச்சு என்றார். எங்கள் ஆட்களுக்கு ஒரே மூச்சென்றால் அறாத மூச்சுத்தான். டொக்டருக்கு இது தெரியாது. டொக்டருக்குத் தெரியாதென்று எங்களுக்கும் தெரியாது.

மருதனார்மடம் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிப்போன வண்டியில் ஏறி, இறங்கி மிச்சத்தை நடந்து, தடிமனோடும் தலையிடியோடும் டொக்டர் முன்னால் போய் நின்றேன். நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. மிசினில் என்னை ஊத விடுங்கள் என்றேன். பொன்மலர் சிரித்தாள். மூக்கை நன்றாகச் சீறிவிட்டு வந்து குழாயை வாங்கினேன். எலும்பும் தோலுமாக நான். தகரம் எழும்பி எழும்பி, முள் மேல் கோட்டைத் தாண்டியது. இன்னும் ஊதட்டோ என்று கையால் கேட்டேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. குனிந்து என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூக்காலை இழுத்து இழுத்து ஊதுறீர்," என்றார். "அண்டைக்கு அவரின்ரை நெஞ்சைத் தட்டிப் பாக்கேக்கை வெறும் பானை மாதிரிக் கேட்டது. முள்ளை நம்பி அதை விட்டிட்டன். அவரைக் கெதியாய்க் கூட்டிக்கொண்டு வாரும், பிள்ளை. மூக்கைப் பொத்திப்போட்டுப் பாப்பம்."

ஆனால் அவர் வரவில்லை. வரமாட்டேன் என்றார். ஒருதரம் அளந்தாயிற்று என்றார். மூக்கைப் பொத்தி ஊத நான் என்ன விளையாட்டுப் பிள்ளையா என்றார். அவருக்குப் பயம் என்று தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் ஒருத்தனும் கிட்ட வரமாட்டான் என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? அது எனக்கும் வலித்தது. வலித்ததால் கோபமும் வந்தது.

"நீங்கள் செத்தால் அந்தத் தகரம் வந்து கொள்ளி வைக்காது," என்றேன். "மிசினுக்குப் பெண்டிலும் இல்லை. தாலி அறுக்கிறது நான்தான்."

அன்று மாலையும் நாயனத்தை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டார். மறுநாள் காலைத் திருவிழாவில் மேற்கு வீதியில் சுரம் அறுந்தது. முதல் தடவையாக, எல்லாரும் கேட்க, நடுவிலே அறுந்தது. தவில்காரர் சீவரத்தினம் கெட்டிக்காரர், அடித்து மூடிவிட்டார். வீட்டுக்கு வந்து நாயனத்தை உறையில் போட்டவர் என்னைப் பார்க்காமலே, "எப்ப போவம்?" என்றார்.

மனேச்சரையும் டொக்டரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். மறுபடி அதே அறை, அதே தொட்டி. பொன்மலர் மூக்கைப் பிடிக்க வந்தாள். அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் எழுந்து போய், அத்தனை பேர் முன்னாலும் என் புருஷனின் மூக்கை இரண்டு விரலால் பிடித்தேன். கண் இரண்டும் என்னைப் பார்த்தன. பிடிபட்ட ஆட்டின் கண்கள்.

ஊதினார். தகரம் அசைந்தது. ஒரு விரற்கடை எழும்பியது, பிறகு இன்னும் கொஞ்சம். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. என் விரலுக்குள் அந்த மூக்கு காற்றைத் தேடித் துடித்ததை நான் உணர்ந்தேன். விட்டுவிடலாம் போல இருந்தது. விடவில்லை. சுகமான ஆளின் கோட்டில் பாதிக்கும் கீழே முள் நின்றது, அந்த இடத்துக்கு வரவே அவ்வளவு நேரம் எடுத்தது.

"நெஞ்சு நிறையக் காத்து இருக்குது," என்றார் டொக்டர். "ஆனால் பழங்காத்து. இலவம்பஞ்சுத் தலைகாணி நாள்பட்டால் அமத்தினபடி கிடக்குமெல்லோ, அப்பிடி நெஞ்சும் இழுபட்டபடி கிடக்குது. சுருங்கி வெளியாலை தள்ளாது. பழசு போகாமல் புதுசு எங்கை போறது? இவர் இனி ஊதக்கூடாது."

மனேச்சர் தலையை ஆட்டினார். "உதென்ன கதை, டொக்டர்? மூக்கைப் பொத்தினால் ஆருக்கு ஊத ஏலும்? என்ரை மூக்கைப் பொத்தினாலும் உப்பிடித்தான்."

"அப்ப நீங்கள் ஒருக்கா ஊதிப் பாருங்கோ."

அருளம்பலத்தார் சால்வையை மடித்து வைத்துவிட்டு வந்தார். பொன்மலர் மூக்கைப் பிடித்தாள். அவரும் ஊதினார். தகரம் லேசாக எழும்பி, ஏறி, சுகமான ஆளின் கோட்டைத் தாண்டி நின்றது. அவர் முகத்தில் என்ன சந்தோஷம். வாசலில் நின்றவர்களைத் திரும்பிக்கூடப் பார்த்தார். பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று விளங்கியது. சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.

"சரி," என்றார். "இந்த வருஷம் இணுவிலிலை இருந்து ஆள் எடுக்கிறன். நீ ஆறுதல் எடு."

"அடுத்த வருஷம், ஐயா?" என்று கேட்டது நான்.

"அடுத்த வருஷம் கொடியேற முதல் திரும்ப இதிலை ஊதட்டும். தேறியிருந்தால் கோயிலுக்கு ஊதுறது. தேறாட்டில், கோயிலுக்கு ஊதுறவனுக்கு வீடு வேணும்தானே."

நாங்கள் வெளியே வரும்போது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இழுபட்டது திரும்பச் சுருங்காது என்றார். நோய் கூடாமல் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, நாயனத்தின் சீவாளியில் ஊதுவதைப் போல மெதுவாக, நெஞ்சு ஒட்டுகிற மட்டும் வெளியே விட வேண்டும். முழுதும் விட்ட பிறகுதான் அடுத்த மூச்சு. நாளுக்குப் பல தரம் அப்படிச் செய்தால் இளைப்புத் தணியும். இது அவருக்கு இலேசான காரியம்தானே, ஊதுகிற ஆள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுதான் அவருக்கு முடியவில்லை. உதட்டைக் குவிப்பார், விடுவார். பாதி போகும்போது கன்னம் உப்பும், மூக்கு தன்பாட்டில் திறந்து காற்றை இழுக்கும். மூச்சு தீர்ந்துபோக விடக் கூடாது என்றுதானே சின்ன வயதில் தொடையில் கிள்ளிக் கிள்ளிப் பழக்கியிருந்தார்கள். விட்டுப் பார்ப்பார், தோற்பார், குனிந்துகொள்வார். அடுத்த வருஷம் அந்த வீட்டில் இருக்கமாட்டோம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மண்சுவரில் அவர் முதுகு சாய்ந்து சாய்ந்து எண்ணெய் பிடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டு இருவரும் இருப்போம்.

தேர்த் திருவிழா அன்று காலை, ஊர் முழுக்கக் கோவிலில் நின்றது. நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம், முற்றத்தில் வேம்பின் கீழ் இருந்தோம். தேர் வெளிக்கிட்டது. இணுவில்காரர் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினார். நல்ல ஊத்துத்தான். இவருடைய கன்னம் உப்பத் தொடங்கியது. கையில் ஒன்றும் இல்லை, விரல்கள் தொடையில் அசைந்தன. அங்கே சுரம் நீள நீள, இங்கே மூக்கு இழுத்து இழுத்து நெஞ்சை நிரப்பியது. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. நிறுத்துங்கோ என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

எழுந்து போய் மூக்கைப் பிடித்தேன்.

திமிறினார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நான் அழுதுகொண்டே பிடித்திருந்தேன். இழுக்க வழியில்லாமல் காற்று வாயால் வெளியே வரத் தொடங்கியது. உதடு தானாகக் குவிந்தது. மெதுவாக, சீறிக்கொண்டு, வந்துகொண்டே இருந்தது. உப்பின நெஞ்சு இறங்கியது. காதுவரை ஏறியிருந்த தோள் இறங்கியது. கோவிலில் சுரம் இன்னும் நின்றது. இவருடைய மூச்சு அதற்கு முன்பே தீர்ந்துபோய், ஒரு கணம் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அந்த வீட்டில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்கு அவர் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

நான் பயந்து விரலைத் தளர்த்தினேன். அவர் ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். அது தடையில்லாமல் அடிவயிறு மட்டும் போனது. கண்ணால் நீர் வழிந்தது. பிறகு என் கையைத் தேடிப் பிடித்து, விரலைத் திரும்பவும் தன் மூக்கில் வைத்தார்.

"விடாதை, குணம்," என்றார்.

நான் பிடித்துக்கொண்டேன்.